ஈரக் கழிவு

ஆறு நாளும் பெயர்ப்பலகை எழுதுகிறேன்,
பண்டாரவளை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்.
மூன்று மொழி. எனாமல் பெயிண்ட்.
வேலாயுதம் ஸ்டோர்ஸ் என்றால்
கடைசி 'ஸ்' தலையில் வைத்த புள்ளி
வைத்த இடத்தில் நிற்கும்.

ஏழாம் நாள் அப்புத்தளைக்கு மேலே
தேயிலைச் சரிவு திரும்பும் இடத்தில்
முழங்காலில் பலகை, அதன்மேல் தாள்.
நிற்காததை எழுதிப் பார்க்கலாம் என்று.

ஒன்பது மணிக்குத் தெற்கே சமவெளி
துவைத்து விரித்ததுபோல் கிடந்தது.
அதன் ஓரத்தில் ஒரு வெள்ளிக் கீறல்;
கடலாக இருக்கலாம்,
ஏதோ குளமாகவும் இருக்கலாம்.
நீலம் கரைத்துத் தூரிகையை உதறுவதற்குள்
அந்தச் சந்தேகமும் போயிற்று.

பச்சைக்கு எத்தனை பெயர் வைத்திருந்தேன்!
கொழுந்துப் பச்சை, முற்றின இலைப் பச்சை,
சவுக்கு நிழலில் நீலம் குடித்த பச்சை,
கவ்வாத்து மலையில் இப்போதுதான் கண்விழிக்கும் பச்சை.
ஒரு மேகம் குறுக்கே நடந்தது.
பெயர்கள் மட்டும் கையில் மிஞ்சின.

பத்தரைக்குப் புகார் ஏறி வந்தது,
கீழே யாரோ ஈர விறகு மூட்டியதுபோல.
முதலில் பள்ளத்துக் கோயில்,
பிறகு லயத்து வரிசை,
பிறகு என் சப்பாத்து.
தாள் காயவில்லை.
ஊதினேன். சட்டைக்குள் வைத்துப் பார்த்தேன்.
வானம் ஒழுகி மலைக்குள் இறங்கிற்று,
மலை ஒழுகி என் காற்சட்டையில்.

கைக்காசுக் கொழுந்துக்கு வந்திருந்த திலகேஸ்வரி
இடுப்புப் படங்கில் தண்ணீர் சொட்ட
நின்று பார்த்தாள்.
படத்தில் தான் எங்கே என்று கேட்கவில்லை.
"ஈரத்துக்கு எத்தன கழிப்பீங்க?" என்றாள்.
விளங்காமல் நிமிர்ந்தேன்.
"நிறுக்கிற எடத்தில எங்களுக்கு
மழைன்னா மூணு கிலோ. புகாருக்கு ரெண்டு.
வெயில் அடிச்சாலும் சாக்குக்கு ஒண்ணு."
சிரித்தாளா, தெரியவில்லை.
முகம் இருந்த இடத்தில் வெள்ளை.
கிள்ளும் சத்தம் மட்டும்
நிரையோடு மேலே போனது.

தாளை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தேன்.
கனத்தது.
திருப்பிப் பின்பக்கம் பென்சிலால் எழுதினேன்:
பத்தரை முதல் பத்து ஐம்பது வரை.
கழிவு இல்லை.
பென்சில் கோடும் கொஞ்சம் ஊறிற்று.

நாளைக்கு ஒரு பேக்கரி.
சிவப்பு எழுத்து, மஞ்சள் விளிம்பு.
மதியத்துக்குள் காய்ந்துவிடும்.