இடது காலுறை

டூயிஸ்பேர்க்கில் அந்த அணிக்குப் பெயர் கிரேன்ஸ்.
தலைக்கவசத்தில் கொக்கொன்று ஒற்றைக்காலில் நிற்கும்.
துறைமுகத்தார் மட்டும்
அது பாரந்தூக்கிதான் என்று கடைசிவரை நம்பினார்கள்.

கொக்கோ இரும்போ,
அத்தனை பேரின் உடுப்பும்
திங்கள் காலை என்னிடம்தான் வரும்.
புல்லின் பச்சை, கோட்டின் சுண்ணாம்பு,
யாருடையதென்று தெரியாத ரத்தம்.
ஒரு ஆட்டமும் நான் பார்த்ததில்லை.
யார் விழுந்தான், யார் விழுத்தினான் என்பதை
முழங்கையும் முதுகும் சொல்லிவிடும்.
பந்தெறிகிற ஒக்லஹோமாக்காரன் டில்மனுக்கு
எப்போதும் முதுகில்தான் சேறு.

ஓர்லோவ்ஸ்கி உள்ளூர்ப் பெடியன்.
உதைக்க மட்டும் உள்ளே வருவான்,
உதைத்துவிட்டுப் போவான்.
அவனுடைய இடது காலுறை தனிப்பையில் வரும்,
ஊசி குத்திய துண்டுச் சீட்டோடு.
அந்த வசந்தத்தில் எனக்கு
ஜெர்மன் எழுத்துக் கூட்டத்தான் தெரியும்.
தோய்த்தேன்.
சனிக்கிழமை மூன்று உதை. மூன்றும் உள்ளே.

ஏழாவது வெற்றிக்குப் பிறகுதான்
மாலை வகுப்பில் 'வேண்டாம்' வந்தது.
சீட்டை மறுபடி வாசித்தேன்.
வயிற்றில் புளியைக் கரைத்தது.
மலிவுச் சவர்க்காரம், கறை போகவில்லை,
அதுதான் என்னைக் காப்பாற்றியிருக்கிறது.

அதற்குள் பியர்க் கடைகளில் கதை ஊதிப் பெருத்துவிட்டது:
அந்தக் காலுறை தண்ணீரையே கண்டதில்லையாம்,
விமான நிலையத்தில் மோப்ப நாய் மயங்கியதாம்,
கொலோன் அணிக்காரர் களவெடுக்க ஆள் அனுப்பினார்களாம்.

நிறுத்தியிருக்கலாம்.
நிறுத்தித் தோற்றால்?
ஒவ்வொரு திங்களும் தோய்த்தேன், காயவைத்தேன்,
பிறகு ரூர் ஆற்றங்கரைச் சேற்றை
விரலால் தொட்டுக் குதிக்காலில் தேய்த்தேன்.
அவனுக்கு ஒரு நேர்த்தி, எனக்கு ஒன்று.

இறுதியாட்ட வாரம்
வெளிநாட்டவர் அலுவலகத்தில்
நானூற்றுப் பதினொன்றாம் இலக்கத்தோடு
நாள் முழுக்கக் குந்தியிருந்தேன்.
என் இடத்தில் நின்றவள் ஊட்டே.
வாசிக்கத் தெரிந்தவள்.

முப்பத்தெட்டு யார். நான்கு வினாடி.
வலது கம்பத்தில் பட்ட சத்தம்
வானொலியிலும் கேட்டது.

ஒன்பதாம் நாள் லீக்கையே மூடிவிட்டார்கள்.
நியூயார்க்கிலிருந்து ஒரு தொலைநகல், அவ்வளவுதான்.

காற்று என்கிறான் ஒருவன்.
பந்தைப் பிடித்து வைத்தவன் பிழை என்கிறான் இன்னொருவன்.
நான் இஸ்திரிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.
இருநூற்றுப் பன்னிரண்டு யூரோ எண்பது
இன்னும் வரவில்லை.
அந்தக் கணக்கில் ஒரு காலுறைக்கு மட்டும்
நாங்கள் காசு போடவில்லை.
தோய்க்காததற்கு எப்படிப் போடுவது?