பள்ளி விட்டு வீட்டுக்கு

வெளியே மைனஸ் முப்பத்து நான்கு.
டிராக்டர்கூடக் கிளம்ப மறுத்த காலையில்
எட்டில் மூன்றும் நான்கில் ஒன்றும்
கூட்டினால் என்னவென்று
ஆன்செலைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்,
ஒன்பது மணியிலிருந்து.

அவன் பென்சிலைத் தொடவில்லை.
மூன்று வாரமாக ஒரு வரி எழுதவில்லை.
முதல் வாரம் "கை வலிக்குது".
இரண்டாம் வாரம் "எதுக்கு?"
இந்த வாரம்
காரணம் சொல்வதையும் நிறுத்திவிட்டான்.

டில்டா மேசைக்கு அடியில்
பூனைக்குக் கண்டங்களின் பெயர் சொல்லிக்கொடுக்கிறாள்.
ஆப்பிரிக்கா வரை பொறுத்த பூனை
எழுந்து போய்விட்டது.
ரோரி ஓட்ஸ் டப்பாவுக்குள் ஒரு காலை விட்டுவிட்டு
இன்னொரு காலுக்கு இடம் பார்க்கிறான்.

தபால் நிலையத்தில் திருமதி கோவல்சுக்
பார்க்கும்போதெல்லாம் கேட்பாள்:
"வீட்டிலேயே வைத்திருந்தால்
பிள்ளைகளுக்குப் பேச ஆள் வேண்டாமா?"
எனக்கு வேண்டாமா என்று கேட்டதில்லை.
கார்வினுக்கு வடக்கே சுரங்கத்தில் வேலை,
இரண்டு வாரம் அங்கே, இரண்டு வாரம் இங்கே.
இது அங்கே வாரம்.

பேருந்தில் போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி
வேண்டாமென்று முடிவெடுத்தது நான்தான்.
செப்டம்பரில் அது நல்ல முடிவாகத்தான் இருந்தது.
சீவிய பென்சில்களின் வாசனை.
ஜன்னலுக்கு வெளியே அறுத்து முடித்த கோதுமை வயல்.
ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நிறத்தில் கோப்பு.

ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை.
டீச்சரிடம் திட்டு வாங்கிய பிள்ளை
மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்து
அம்மாவிடம் சொல்லி அழலாம்.
இவன் எங்கே போவான்?
டீச்சர் அம்மாவின் ஸ்வெட்டரைப் போட்டிருக்கிறாள்,
அம்மாவின் குரலில்தான் கத்துகிறாள்.

இன்று கத்தினாள்.
புத்தகத்தை மேசையில் அறைந்தாள்.
பிறகு குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டு
தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

எவ்வளவு நேரமோ.
குழாயில் தண்ணீர் உறையாமலிருக்க
சொட்டச் சொட்ட விட்டிருந்தோம்.
நூற்றுப்பன்னிரண்டு சொட்டு வரை எண்ணினேன்.

கதவின் கீழ் இடுக்கில்
ஒரு காகிதம் நுழைந்தது.
வெளியே மூச்சுச் சத்தம்.

*அமமா
என மேல கோவமா*

மூன்று வாரத்தில் அவன் எழுதிய முதல் வரி.
நான் என்ன செய்தேன் தெரியுமா?
அலமாரியில் கைக்குக் கிடைத்த புருவப் பென்சிலை எடுத்து,
கல்யாணத்துக்கு வாங்கியது, முனை மழுங்கியது,
விட்டுப்போன இரண்டு புள்ளிகளையும் வைத்து
திருப்பித் தள்ளிவிட்டேன்.

கை செய்து முடித்த பிறகுதான்
எனக்குத் தெரிந்தது.

அந்தப் பக்கம் அமைதி.
பிறகு டில்டாவின் கிசுகிசுப்பு:
"திருத்தியிருக்காங்க டா."
அதன் பிறகு அவன் குரல், கொஞ்சம் தயங்கி:
"எத்தனை மார்க்?"

சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒன்றை
துண்டை வைத்து அடைத்தேன்.
காகிதத்தைத் திரும்பக் கேட்டேன். வந்தது.
கீழே எழுதினேன், *கொஞ்சம்.*
பொய் சொல்ல மனம் வரவில்லை.
கூடவே எழுதினேன், *உன் மேல மட்டும் இல்ல.*

அவன் எழுத்துக் கூட்டிப் படிப்பது கேட்டது.
"இல்ல"வில் நின்றான்.
மறுபடி முதலிலிருந்து தொடங்கினான்.

கதவைத் திறந்தபோது மூவரும்
நடைபாதையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்,
ரோரி இரண்டு காலிலும் ஓட்ஸோடு.
யாரும் யாரையும் கட்டிப்பிடிக்கவில்லை.
பசிக்குது என்றாள் டில்டா.

இரவு, கல்வி வாரியத்துக்கு அனுப்பும் பதிவேட்டில்
பாடம் என்ற கட்டத்தில் எழுதினேன்: கடிதம் எழுதுதல்.
நேரம்: இருபது நிமிடம்.
ஆசிரியர் குறிப்பு என்ற கட்டத்தைக்
காலியாக விட்டேன்.

எட்டில் மூன்றும் நான்கில் ஒன்றும்
இன்னும் மேசையிலேயே கிடக்கின்றன,
ஒன்றன்மேல் ஓட்ஸ் காய்ந்து ஒட்டியிருக்கிறது.
சுரண்டிப் பார்த்தேன்.
எந்த எண்ணென்று தெரியவில்லை.