ஐம்பது நிமிடம்

வருகிறவர்கள் எல்லோரிடமும்
ஐம்பது நிமிடம் என்றுதான் சொல்வேன்.
பொய். ஒன்றேகால் மணி நேரம் ஆகும்.
ஐம்பது என்றால் நிற்பார்கள்,
அறுபது என்றால் எதிர்க்கடைக்கு நடப்பார்கள்.
முதலாளி ரெமெடியோஸ் போட்டுக்கொடுத்த கணக்கு இது.

ஞாயிறு, பதினொன்றரை.
மெக்சிகோ நகரத்தின் ரோமா பகுதி.
ஹகராண்டா மரம் உதிர்த்த ஊதாவின் மேல்
நாற்பத்தேழு பெயர்கள்
பசியோடு நிற்கின்றன.
கையில் அட்டை, காதில் பென்சில்,
வாசற்படியில் நான்.

உள்ளே
நீலச்சோள பேன்கேக், மேலே புளிச்சம்பூ ஜாம்.
வாத்துக்கறி திணித்த க்ரோசான்.
வெட்டுக்கிளி வறுத்துத் தூவிய ஆம்லெட்;
அதைப் படம் எடுத்துக்கொண்டு
பூச்சிகளை மட்டும் தட்டின் ஓரத்துக்குத் தள்ளுகிறார்கள்
வெளியூர்க்காரர்கள்.

ஜன்னலோர மேசையில் ஒரு ஜோடி.
தட்டு காலியாகி முக்கால் மணி நேரம்.
காபி வண்டலை ஸ்பூனால் கிளறிக்கொண்டு
எழவே மாட்டேன் என்கிறார்கள்.
கண்ணாடிக்கு வெளியிலிருந்து
அவர்கள்மேல் விழும் பார்வைகளைச் சேர்த்தால்
அடுப்பில்லாமலே முட்டை வேகும்.

ஃபுல்ஹென்சியோ, இரண்டு பேர்.
எட்டாவது முறையாக வந்து கேட்கிறார்:
"இன்னும் எத்தனை பேர்?"
அவர் மனைவி ஓதிலியா
புதுச்செருப்பு கடித்த பாதத்தைத் தூக்கிக்கொண்டு
நிஜமாகவே ஒற்றைக்காலில் நிற்கிறாள்.

அப்போதுதான்
தெருக்கம்பத்து ஒலிபெருக்கி ஊளையிட்டது.

யாரும் அலறவில்லை.
இந்த ஊருக்கு அது பழகிய குரல்.
நாற்காலிகள் தேய்ந்தன.
சமையற்கட்டில் வாயு அடைத்த சத்தம், டக்.
துடைக்காத வாய்களோடு
கையில் முள்கரண்டி, இடுப்பில் பிள்ளை,
கக்கத்தில் நாய்க்குட்டி என்று
எல்லாரும் தெருவின் நடுவுக்கு வந்துவிட்டார்கள்.
மாடிவீட்டு ஆள் துண்டோடு.
சமையல்காரன் நசாரியோ வாணலியோடு,
அதில் பாதி வெந்த முட்டை ஒன்று.

தரை ஒருமுறை தோளைக் குலுக்கியது.
மின்கம்பிகள் ஊஞ்சலாடின.
மரம் மேலும் கொஞ்சம் ஊதாவைக் கொட்டியது.
அவ்வளவுதான்.

ஆனால் உடனே யாரும் உள்ளே போகக்கூடாது.
ரெமெடியோஸ் சுவரை விரலால் தடவித் தடவி
விரிசல்களோடு பேசிக்கொண்டிருந்தாள்.

சாப்பிட்டவர் யார், காத்திருந்தவர் யார்
என்று தெரியாத கூட்டத்தில்
பிள்ளையை இறுக்கிப் பிடிக்க இரண்டு கையும் வேண்டியிருந்த ஒருத்தி
தன் தட்டை, "கொஞ்சம் பிடியுங்கள்" என்று
பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்திருந்தாள்.
பக்கத்தில் நின்றவர் ஃபுல்ஹென்சியோ.

நெஞ்சுயரத்தில் தட்டு.
மூக்குக்குக் கீழே ஜாம்.
கோயில் தீபம் ஏந்தியவர் மாதிரி
அசையாமல் நின்றார் மனிதர்,
பூமி அசைந்தபோதும்.

பிள்ளை அழுகையை நிறுத்தியதும்
அவள் அவர் முகத்தைப் பார்த்தாள்.
பிறகு தட்டைப் பார்த்தாள்.
"ஒரு வாய் எடுத்துக்கொள்ளுங்களேன்."

"ஐயோ, வேண்டாம்" என்றார்,
எடுத்துக்கொண்டே.
இரண்டாவது வாயை ஓதிலியாவுக்கு ஊட்டினார்.
மூன்றாவது யாருக்குப் போனது என்று நான் பார்க்கவில்லை;
வாணலியின் மிச்சச் சூட்டிலேயே
வெந்து முடிந்திருந்த முட்டையை
நசாரியோ என்னிடம் நீட்டிக்கொண்டிருந்தான்.
காலையிலிருந்து நானும் சாப்பிடவில்லை.
உப்பு இல்லை.
நன்றாக இருந்தது.

"பழைய விரிசல்தான்" என்றாள் ரெமெடியோஸ்.
எல்லாரும் உள்ளே திரும்பினார்கள்.
ஜன்னலோர ஜோடி மட்டும்
காசைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டது.
நிலநடுக்கம் வந்துதான்
அந்த மேசை காலியாக வேண்டியிருந்தது.

என் பென்சிலைக் காணவில்லை.
அட்டையில் யாரோ மிதித்த ஊதாக் கறை,
பன்னிரண்டு பெயர்கள் அதன் அடியில்.

டாக்சியில் ஆட்டம் தெரியாமலே வந்து இறங்கிய இருவர்
"எவ்வளவு நேரம் ஆகும்?" என்றார்கள்.
வாயில் இன்னும் முட்டை.
விழுங்கிவிட்டுச் சொன்னேன்:
"ஒன்றேகால் மணி நேரம்."

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.
எதிர்க்கடையையும் பார்த்தார்கள்.
நின்றார்கள்.