பதினேழாம் திருத்தம்

பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
வங்காளி எழுத்தில் போர்டு வைத்த
இரண்டு லாட்ஜுகளுக்கு நடுவே என் கடை.
கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி.
செத்தவர்களுக்கான வரிகள்
கம்ப்யூட்டரில் பதினொன்று கிடக்கின்றன.
பெயரை மாற்றினால் போதும்.
யாரும் குறை சொன்னதில்லை,
அம்சவேணி வரும்வரை.

குடியாத்தத்தில் தீப்பெட்டிக் கம்பெனி.
செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ்.
முடிந்ததும் இடக்கைப் பிளாஸ்திரியோடு
படியேறி வந்து
ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.
"எனக்குத்தாம்மா போஸ்டரு.
இப்பவே பாத்துடணும்.
அப்பால எங்க பாக்குறது?"

"இறைவனடி சேர்ந்தார்" என்று தட்டினேன்.
"அவன் அடில போயி நான் இன்னா பண்றது?
என் காலே வீங்கிக் கீது.
அவன வந்து புடிச்சி வுடச் சொல்லு."

அழித்தேன்.
மலர்வு, உதிர்வு என்று இரண்டு கட்டம் போட்டேன்.
"பூ மாதிரியா கீது இந்த மூஞ்சி?"

அழித்தேன். மீளாத் துயில்.
"ராவெல்லாம் ஒடம்பு அரிக்குது.
தூங்கி ரெண்டு வருசம் ஆவுது.
பொய் எழுதாத."

பிறந்த தேதி சொன்னாள்,
பள்ளிக்கூடத்தில் வாத்தியார் போட்ட தேதி.
மற்றதைக் கேட்க நா எழவில்லை எனக்கு.
"அத்த நீ போடாத.
அவனே வந்து போட்டுக்கினு போவட்டும்.
அவனுக்கும் ஒரு வேலை வாணாமா?"

அப்புறம் வாரத்துக்கு ஒரு வரி கொண்டுவந்தாள்.
மெஷினில் படுத்திருக்கும் நாலு மணி நேரத்தில்
பக்கத்துப் பெட்டில் சொல்லிப் பார்ப்பாளாம்.
திருவலத்துக்காரர் ஒருவர் சிரித்தால் வைத்துக்கொள்வாள்.
அவர் ஆமாம் என்று தலையாட்டினால்
தூக்கிப் போட்டுவிடுவாள்.

ஒன்பதாவது இது:
எமனே, டோக்கன் வாங்கினியா?
எனக்கு முன்னால நாப்பது பேரு.
போய் வெயில்ல நில்லு.

வேலூர் வெயிலில் நிற்கச் சொல்வது
சின்ன தண்டனை இல்லை.

பன்னிரண்டாம் முறை வந்தபோது
வரி ஏதும் கொண்டுவரவில்லை.
உதடு வெளுத்திருந்தது.
"எழுத்தப் பெரிசாக்கு" என்றாள்.
ஆக்கினேன்.
"இன்னும்."
போட்டோவைவிடப் பெரிதானது.
"இன்னும்மா."
திரை முழுக்க ஒரே ஒரு "எ".
அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்து
கடைசி பஸ்ஸுக்குப் போனாள்.

பதினேழாவதைத்
தீப்பெட்டி லேபிளின் பின்பக்கம் எழுதிவந்தாள்:

நமுத்த குச்சின்னு நெனச்சியா?
ஒரசிப் பாரு.

"காசு எவ்ளோ?" என்றாள்.
முடியட்டும், அப்புறம் வாங்கிக்கிறேன் என்றேன்.
எது முடியட்டும் என்று
இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

பங்குனியில் மகன் வந்தான், யுவராஜ்.
செருப்பு இரண்டும் வேறு வேறு.
"அக்கா, சாதாரணமா ஒண்ணு போடுங்க.
இறைவனடி சேர்ந்தாருன்னு."
ஃபைலைத் திறந்து
திரையை அவன் பக்கம் திருப்பிவிட்டு
டீ வாங்கப் போனேன்.
திரும்பி வந்தபோது
முகத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தான்.
"மாமா திட்டுவாரு" என்றான்.
பிறகு, "நூறு போடுங்க."

தேதியை நான்தான் அடித்தேன்.
கை அந்த எண்களில் இரண்டு முறை தவறியது.

நாலாம் நாள்
காட்பாடி ரோட்டுச் சுவரில்
ஒரு மாடு போஸ்டரின் அடிப்பக்கத்தை
நக்கிக் கிழித்துத் தின்றுகொண்டிருந்தது.
மறைவுத் தேதி போயிருந்தது.
மாட்டுக்கு மைதாப் பசை ருசி, அவ்வளவுதான்,
அர்த்தம் தேடாதே என்று
எனக்கே சொல்லிக்கொண்டு
கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

சனிக்கிழமை கடைக்கு ஒருவர் வந்தார்.
இடக்கையில் பிளாஸ்திரி. திருவலமாம்.
ஸ்டூலை இழுத்தார்.
"அந்த அம்மாவுக்குப் போட்ட மாதிரி எனக்கும் ஒண்ணு."
கொஞ்சம் யோசித்து,
"அத்தவிட காரமா."