ஆரஞ்சுக் கோடு

போன வருடம்
நொடியை இரண்டாயிரமாக நறுக்கி
அதில் ஒன்றை எடுத்தேன்.
சக்கரத்தின் திருகாணிகளைக்கூட எண்ணிவிடலாம்.
கிமோத்தோ பார்த்துவிட்டுச் சொன்னான்:
"அக்கா, வண்டியை நன்றாக நிறுத்தியிருக்கிறார்கள்."

இந்த முறை அறுபதில் ஒன்று.
அவ்வளவு நீள நொடிக்குக் கை பழக வேண்டும்.
ரோஜாப் பண்ணையில் வேலை முடிந்ததும்
நைவாஷா நெடுஞ்சாலையோரம் நின்று
போகிற மட்டாட்டு வேன்களைக் குறிவைத்தேன்.
ஏறப்போகிறேன் என்று நினைத்து
ஒவ்வொன்றும் வேகம் குறைத்துப்
படத்தைக் கெடுத்தது.

பந்தய நாள்.
பாதம், வண்டி மறையப்போகும் திசையில்.
இடுப்புக்கு மேல், அது வரும் திசையில்.
மூச்சு பாதியில்.
முதலில் சத்தம், பிறகு ஒரு நீலம்,
அழுத்து, அழுத்திய பிறகும் திரும்பு,
போகிறவரை வாசல்வரை வந்து வழியனுப்புவதுபோல.
அடுத்து வந்த எல்லா வண்டியும்
எனக்கு வெறும் புழுதிதான்.

நாற்பத்தொன்றில் ஒன்று தேறியது.
கதவில் எண் தெளிவு.
தலைக்கவசத்துக்குள் ஒரு கண்
இன்னும் வராத வளைவைப் பார்க்கிறது.
பின்னால் மஞ்சள் பட்டை மரங்கள்
ஒரே இழுப்பாக உருகிக் கிடக்கின்றன.

அந்த மரங்களுக்குக் கீழேதான்
காலையிலிருந்து கொடியோடு
அசையாமல் நின்றான் கிமோத்தோ.
"நான் எங்கே?"
காட்டினேன்.
புழுதியென்று நினைத்து
சட்டை நுனியால் திரையைத் துடைத்தான்.
கோடு போகவில்லை.
"இவ்வளவு வேகமாகவா
நின்றுகொண்டிருந்தேன்?"