ஆறு கிலோ

கட்டட வாசலில் நகராட்சி ஒட்டிய தாளில்
எங்கள் முகவரி மராத்தியில் இருக்கிறது.
அபாயகரமானது என்ற சொல்லுக்குக் கீழே
கேபிள்காரரின் எண்ணை யாரோ கிறுக்கியிருக்கிறார்கள்.
சயான் கோளிவாடாவில் ஜூன் பிறந்துவிட்டது.
இரண்டாம் மாடித் தாழ்வாரத்தில்
இரும்புக் கம்பங்கள் முட்டுக்கொடுத்து நிற்கின்றன.
கொடி கட்டித் துணி காயப்போடுகிறோம்.

பையில் என்னென்ன வைப்பது என்றான் இருதயராஜ்.
எவ்வளவு கனம் என்று முதலில் சொல், என்றேன்.
அவனுக்கு இரவு ஷிப்ட்.
மகன் பதினான்கு கிலோ.
மூன்று மாடி, அறுபத்திரண்டு படி,
பதினேழாவது உடைந்தது.
இடுப்பில் பிள்ளை, முதுகில் பை.
ஆறு கிலோவுக்கு மேல் என்னால் ஆகாது.

கீழே பழைய பேப்பர் வாங்கும் மிஸ்ரா
தராசுக் கொக்கியில் மாட்டிப் பார்த்தார்.
எட்டேகால்.
"கிலோ என்ன விலைக்குப் போடலாம்?" என்று சிரித்தார்.
நடைபாதையிலேயே பிரித்தேன்.
கல்யாண ஆல்பம் வெளியே வந்தது,
அட்டை மட்டுமே ஒன்றரைக் கிலோ.
பிறகு போர்வை. பிறகு எவர்சில்வர் டிபன்.

மிஞ்சியவை:
ஜிப் கவரில் ரேஷன் கார்டு, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ்,
பகடி ரசீது, விழுந்த பிறகும்
இங்கேதான் இருந்தோம் என்று சொல்ல.
டார்ச். குளுக்கோஸ் பிஸ்கட். உப்புச்சர்க்கரைப் பொட்டலம்.
நாலாக மடித்த ஐநூறு ரூபாய்.
ஒரு விசில்.
விசில் எதுக்கும்மா?
தொலைஞ்சு போனா ஊத, என்றேன்.
இடிபாடு என்ற சொல்லை
வாய்க்குள்ளேயே அடக்கிக்கொண்டேன்.

போன் அணைந்துவிட்டால்?
எண்களைத் தாளில் எழுத உட்கார்ந்தேன்.
புருஷன் எண்ணில் பாதிதான் வந்தது.
முழுசாக நினைவில் நின்றது
தாராவித் தொண்ணூறு அடிச் சாலையில்
முன்பிருந்த எஸ்டிடி பூத்தின் எண்.
அங்கே இப்போது மோமோ விற்கிறார்கள்.
இருந்தாலும் எழுதிவைத்தேன்.

ஜூலையில் கரண்ட் போன இரவு டார்ச் வெளியே போனது,
திரும்பி வரவில்லை.
பிஸ்கட்டை மகன் கண்டுபிடித்துவிட்டான்.
இருதயராஜுக்குப் பேதி, பொட்டலம் போயிற்று.
சிலிண்டர் வந்த காலை ஐநூறு.
எல்லாமே அவசரம்தான், பொய் இல்லை.
பை மெலிந்துகொண்டே வந்தது.
நான் எடை போடவில்லை.

இரவு இரண்டேகாலுக்கு
தலைக்கு மேலே ஏதோ முறிந்தது.

பதினேழாம் படியைக் கால் தானாகத் தாண்டியது.

மழையில் மொத்தக் கட்டடமும் நின்றது.
கோர்படே அம்மாளின் கையில் பிரஷர் குக்கர்,
உள்ளே ஊறப்போட்ட பருப்பு.
நஸ்ரீன் தையல் மெஷினின் தலையை மட்டும்
குழந்தையைப் போல் அணைத்திருந்தாள்.
நான்காம் அறை மாணவர்கள் ஜட்டியோடு,
ஆளுக்கொரு சார்ஜர்.
என் போன் மேலேயே கிடந்தது.
அவர்களில் ஒருவன் நீட்டிய போனில்
தாளைப் பார்த்து இருதயராஜை அழைத்தேன்.
தெரியாத எண்ணை அவன் எடுப்பதில்லை.

தண்ணீர்த் தொட்டியின் மூடி விழுந்ததாம்.
அவ்வளவுதான், இன்றைக்கு.

துடைக்கத் துண்டு தேடிப் பையைத் திறந்தேன்.
ஜிப் கவர். விசில். துண்டு இல்லை.
நான் வைக்காத ஒன்று இருந்தது:
டிவி ரிமோட்.
மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.
அப்புறம் விசிலை எடுத்து
கன்னம் உப்ப ஊதினான்.
தெருமுனையில் ஒரு டாக்சி நின்று,
யாரும் ஏறாததைப் பார்த்துவிட்டு, போனது.

மிஸ்ரா ஷட்டரைத் தூக்கி
எல்லோரையும் காகிதக் கட்டுகள்மேல் உட்காரவைத்தார்.
கேட்காமலே கொக்கியை நீட்டினார்.
முக்கால் கிலோ.
"நனைஞ்ச பை," என்றார்,
"நூறு கிராம் கழிச்சுக்குங்க."

ஐந்தரைக்குப் பால்காரன் வந்தான்.
அவன் பின்னாலேயே ஏறினோம்.
இருட்டில், இரண்டு கையிலும் பால் பாக்கெட்டோடு,
பதினேழாவதை அவனும் தாண்டினான்.