இருநூற்றுப் பதினேழாவது தாள்

தொகுசோ அதைச் செதுக்க எட்டு நாள் எடுத்துக்கொண்டான்.
மலைக்கு அரை நாள்.
கூரை ஓடுகளுக்கு மூன்று.
மீதியெல்லாம் பட்டத்தின் நூலுக்கு.

நூலைச் செதுக்க முடியாது.
நூல் அல்லாததையெல்லாம்
செரிமரப் பலகையிலிருந்து எடுத்துவிட வேண்டும்.
இந்தப் பக்கம் வானம், அந்தப் பக்கம் வானம்,
நடுவில் மயிரிழை அளவு மரம்
மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

பலகை என்னிடம் வந்தபோது பன்னிரண்டாம் மாதம்.
பசைக் கிண்ணத்தில் பனி ஊசிகள்.
முதலில் கோடுகள்,
பிறகு ஓடுகளின் சாம்பல்,
பிறகு கப்பலில் வந்த அந்தப் புது நீலம்.
அதில் ஒரு சிட்டிகை என் ஒரு நாள் கூலி.
ஈரத் துணியால் துடைத்துத் துடைத்து
மேலிருந்து கீழாக வானத்தை வெளுக்க வைப்பேன்.
மலைக்கு நான் எதுவும் செய்வதில்லை.
பனி என்று நீங்கள் பார்ப்பது
நான் கை வைக்காத காகிதம்.

தெளிந்த காலையில் பாலத்தில் நின்றால்
உண்மையான ஃபூஜியே தெரியும்,
கவிழ்த்த சோற்றுக் கிண்ணம்போல் சிறியதாய்.
வரி வசூலிப்பவனுக்கும் தெரியும், திருடனுக்கும் தெரியும்.
அதற்காக எடோ நகரத்தில் யாரும்
படம் வாங்காமல் இருப்பதில்லை.

இருநூற்றுப் பதினாறு வரை
நூல் பிடித்தாற்போல் போனது வேலை.
அடுத்த தாளை உரித்தெடுத்தேன்.
கூரைமேல் ஓடு வேய்பவன்
கையை உயர்த்தி நிற்கிறான்,
கையில் ஒன்றுமில்லை.
பட்டம் மலைக்கும் மேலே.

தும்மினேனா, அழுத்தித் தேய்த்தேனா, தெரியாது.
பலகையைத் தடவிப் பார்த்தேன்.
நூல் இருந்த இடத்தில்
வழவழவென்று வானம்.

கடைக்காரர் மம்பெய் தாளை வெளிச்சத்தில் பிடித்தார்.
"புதுப் பலகைக்கு எவன் கொடுப்பான் காசு?"
நல்ல தாள்களின் அடியில் செருகினார்.
தொகுசோவிடம் சொல்ல வேண்டாம் என்பதை மட்டும்
இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

மூன்றாம் நாள் சிப்பி விற்கும் ஒகுமே வந்தாள்.
கதவுத் தாளில் ஓட்டை, அடைக்க ஒரு படம் வேண்டும்,
ஒரு கிண்ணம் சோபா விலைக்கு மேல் தரமாட்டாளாம்.
இரண்டை விரித்தேன்.
ஏனென்று தெரியவில்லை, விரலால் காட்டவும் செய்தேன்:
இதில் நூல் உண்டு. இதில் அறுந்துவிட்டது.

கூடையை இறக்காமலே குனிந்தாள்.
"இவன் விட்டுவிட்டானா, அது போய்விட்டதா?"
"மரம் உடைந்துவிட்டது."
"அதையா கேட்டேன்" என்றாள்.
அறுந்ததை எடுத்துக்கொண்டாள்,
ஒரு காசு குறைத்துத்தான்.

மூன்று நாளாய் உறுத்திய கையை
அன்றிரவு வெந்நீரில் ஊறவிட்டேன்.
கட்டைவிரல் மேட்டில் ஒரு சிராய்,
மை ஏறிய செரிமரம்,
வளையாத கோடு.
ஒகினு ஊசியை விளக்கில் காட்டிக்கொண்டு வந்தாள்.

கையை மூடிக்கொண்டேன்.
நாளைக்கு எடுக்கலாம்.
வெளியே காற்று இன்னும் விழவில்லை.